மிஸ்ஸிங் எங்கே இருக்கிறது? பழைய பெட்ரோல் அம்பாசடரில் கோளாறு தேடும் முறை

பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "காலைல எடுக்கவே மாட்டேங்குது, எடுத்தாலும் மிஸ்ஸிங் அடிக்குது." கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளக்கை மாத்திப் பாப்போம்." பிளக் மாறும். சரியாகாவிட்டால் பிளக் வயர். அப்புறம் காயில், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் கிட். பில் ஏறிக்கொண்டே போகும், வண்டி அப்படியே இருக்கும். கடைசியில், "இன்ஜின் போச்சு சார், இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்" என்ற தீர்ப்பு வரும். காயலான் கடைக்குப் போன பல பழைய கார்கள் இந்தப் பாதையில்தான் போயின.

இந்த முறையில் பணம் வீணாவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சோதிக்காமல் மாற்றும் ஒவ்வொரு பாகமும் ஒரு தடயத்தை அழிக்கிறது. கழற்றிப் போட்ட பிளக்கின் நிறம் எப்படி இருந்தது, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பதெல்லாம் குப்பைக்கூடையோடு போய்விடும். போதாததற்கு, புதிதாக வந்த பாகம் புதிய சந்தேகத்தையும் கூட்டி வரும். ஐந்து பாகம் மாற்றிய பிறகு கோளாறு ஒன்றா இரண்டா என்பதே தெரியாது.

ஆகவே இந்தக் குறிப்பு பழுதுபார்ப்பதைப் பற்றியது அல்ல. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதைப் பற்றியது. உதாரணத்துக்கு எனக்கு நன்றாகப் பழக்கமான 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட அம்பாசடரை எடுத்துக்கொள்கிறேன். பி.எம்.சி. பி-சீரிஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜின் அது. நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பிரீமியர் பத்மினி போன்ற அந்தக் காலத்துப் பாயிண்ட் வைத்த வண்டிகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்தக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனிச்சொத்தா, பொதுச்சொத்தா?

இன்ஜின் ஓட மூன்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே: சரியான நேரத்தில் பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதுமான அழுத்தம். ஆனால் தேடும்போது இந்த மூன்றாகப் பிரிப்பதைவிட வேறொரு பிரிவினை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிரிப்பது மாதிரி, இன்ஜினில் எது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச்சொத்து, எது நான்குக்கும் பொதுச்சொத்து என்று பிரிப்பது.

பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் அந்த வயர் செருகும் இடம், வால்வுகள், டேப்பட், பிஸ்டன் ரிங் இவை தனிச்சொத்து. பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் இவை பொது.

தனிச்சொத்து கெட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் படுக்கும். அந்த மிஸ்ஸிங்குக்கு ஒரு தாளம் இருக்கும். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 350 முறை, நொடிக்கு ஏறத்தாழ 6 முறை. ஒரு சிலிண்டர் செத்திருந்தால் நொடிக்கு 6 முறை ஒரே சீராக ஓர் இடைவெளி விழும். சைலன்சர் குழாய்க்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டினால் அந்த விடுபட்ட அடி கையிலேயே தெரியும்.

பொதுச்சொத்து கெட்டால் தாளம் இருக்காது. இப்போது விடும், அப்புறம் நன்றாக ஓடும், திடீரென்று இரண்டு முறை சேர்ந்தாற்போல் விடும். எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் மாறி மாறி நடக்கிறது.

இந்த இன்ஜினில் மூன்றாவது வகையும் ஒன்று உண்டு: பங்காளிச் சொத்து. சிலிண்டர் ஹெட்டில் 1-க்கும் 2-க்கும் சேர்த்து ஒரே காற்று வழி, 3-க்கும் 4-க்கும் சேர்த்து இன்னொன்று. மேனிஃபோல்டு கேஸ்கட் ஒரு பக்கம் காற்று இழுத்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து தகராறு செய்யும். ஹெட் கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் பிய்ந்தாலும் அப்படித்தான். ஆக, ஒன்றா, பக்கத்துப் பக்கத்து இரண்டா, எல்லாமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

எந்த சிலிண்டர்?

தாளத்தோடு மிஸ் அடித்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு 1-ஆம் சிலிண்டரின் பிளக் தொப்பியைக் கழற்றி, அதன் உள்முனையை ஒரு வயர் துண்டால் இன்ஜின் பாடியோடு இணைத்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த சிலிண்டரைத் துண்டித்திருந்தால் இன்ஜின் முன்பைவிட மோசமாக ஆடும். துண்டித்த பிறகும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இப்படி நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிலர் இன்ஜின் ஓடும்போதே வயரை வெறுங்கையால் பிடுங்குவார்கள். வேண்டாம். பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் வயர் அது. வயரை அந்தரத்தில் விட்டால் காயிலின் உள் இன்சுலேஷனுக்கும் கேடு.

ஆள் 3-ஆம் சிலிண்டர் என்று தெரிந்தால், புது பிளக் வாங்க ஓட வேண்டாம். 3-இன் பிளக்கை 1-க்கும் 1-இன் பிளக்கை 3-க்கும் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் 1-க்குப் போய்விட்டதா? பிளக்தான் குற்றவாளி. 3-லேயே நிற்கிறதா? பிளக் நிரபராதி. அடுத்து, நீளம் இடம் கொடுத்தால், வயரை இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம். வயரின் மறுமுனை கேப்பில் அந்தந்த இடத்திலேயே செருக வேண்டும். இந்த இன்ஜினின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அது மாறினால் புதுத் தலைவலி. பிளக்கும் வயரும் தப்பித்துவிட்டால், கேப்பின் உள்பக்கம் அந்த இடத்தில் விரிசலோ கரிக்கோடோ இருக்கிறதா பார்க்க வேண்டும். அதுவும் சுத்தம் என்றால் சந்தேகம் இன்ஜினின் உள்ளே போகிறது.

பிளக்குகளைக் கழற்றும்போது வரிசை மாறாமல் ஒரு பேப்பரில் 1, 2, 3, 4 என்று எழுதி வைத்துவிடுங்கள். தனியாக ஒரு பிளக்கைப் பார்ப்பதைவிட நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே எரியவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் ஏறுகிறது. வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு அதிகம். நான்கும் கரி என்றால் கார்புரேட்டரைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் கரி என்றால் கார்புரேட்டர் மேல் பழி போட முடியாது. அது எல்லோருக்கும் ஒரே சமையல்தான் சமைக்கிறது.

சத்தம் போடாத டேப்பட்

உள்ளே சந்தேகம் போனால் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் வயரைப் பிரித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு முறை செல்ஃப் அடித்து அளவைக் குறிக்க வேண்டும். தனி எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கீழே இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஆயில் இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் சமமாக விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கட்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் டேப்பட். சத்தம் போடும் டேப்பட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த வகை இன்ஜினில் சத்தமே போடாத டேப்பட்தான் ஆபத்து. காரணம், பழைய இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் பெட்ரோலில் இருந்த ஈயத்தின் பாதுகாப்பை நம்பிச் செய்யப்பட்டது. இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அதன் பிறகு, வேகமாகவும் அதிக லோடிலும் ஓடும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வால்வு ஹெட்டுக்குள் புதையும். டேப்பட் இடைவெளி குறையும். சத்தம் குறைந்து இன்ஜின் "அமைதியாக" ஓடும். இடைவெளி முழுக்கப் போனதும் வால்வு சரியாக மூடாது, சூட்டைக் கடத்த முடியாமல் விளிம்பு கருகும். அப்புறம் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் கம்ப்ரஷன் பார்க்கும் முன் ஃபீலர் கேஜ் வைத்து எட்டு டேப்பட்டையும் அளந்து எழுதிவிடுவது நல்லது. சில சமயம் செத்துப்போனதாக நினைத்த சிலிண்டர் கால் மணி நேர டேப்பட் வேலையில் உயிர் பெறும்.

"கரண்ட் வருது சார்"

இனி பொதுச்சொத்து. பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு இன்ஜின் மேல் வைத்து, செல்ஃப் அடித்து, "கரண்ட் வருது சார், இக்னிஷன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது வழக்கம். இந்தச் சோதனை அரை உண்மைதான்.

வெளிக்காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கும்போது அதே 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட வெளியில் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போகும் கலவை கூடும், அழுத்தம் கூடும், தேவையும் கூடும். ஐட்லிங்கில் சமத்தாக ஓடி, மேம்பாலம் ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பலவீனமான பொறி சமதரையில் போதும், ஏற்றத்தில் போதாது.

அதனால் நான் பார்ப்பது பிளக்கில் பொறி வருகிறதா என்று அல்ல. காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்குப் போகும் வயரை எடுத்து, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, இன்ஜின் பாடியிலிருந்து 5, 6 மி.மீ. தூரத்தில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்வேன். பளிச்சென்று நீலமாக, 'டக் டக்' என்ற சத்தத்தோடு தாண்டினால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் வேலை செய்கின்றன. மெலிந்து மஞ்சளாக இருந்தாலோ, 2 மி.மீ.க்கு மேல் தாண்டாவிட்டாலோ அங்கேயே நின்று தேட வேண்டும். சுற்றிலும் பெட்ரோல் வாடை இருந்தால் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் சேர்கிறது. திறக்கும் நொடியில் அது சரிந்து, அந்தச் சரிவுதான் பல்லாயிரம் வோல்ட்டாகப் பிளக்குக்குப் போகிறது. அந்த நொடியில் கரண்ட் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே தாண்டி வீணாகாமல் ஏந்திக்கொள்வது கண்டன்சரின் வேலை. அது பலவீனமானால் பாயிண்ட்டில் பொறி பறக்கும், பிளக்கில் பொறி செத்துப்போகும். கேப்பைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் திறக்கும்போது இருட்டில் பார்த்தால் தெரியும். மெல்லிய பொறி சகஜம். கண் கூசும் அளவுக்குப் பறந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம்.

பாயிண்ட் இடைவெளி இந்த வண்டியில் 0.35 முதல் 0.40 மி.மீ. அதை வைப்பதோடு, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டியும் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எவ்வளவு கவனமாக வைத்தாலும் இடைவெளி ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும். 3000 சுற்றில் நொடிக்கு 100 பொறி வேண்டும். அதில் எது தவறும் என்று சொல்ல முடியாது. தாளமில்லாத மிஸ்ஸிங்குக்கு இது ஒரு உன்னதமான காரணம். மழைக்காலத்தில் மட்டும் தகராறு என்றால், ராத்திரி விளக்கில்லாத இடத்தில் போனட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். கேப்பிலும் வயரிலும் கசியும் கரண்ட் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

காலையில் எடுக்காத வண்டி

"எடுக்க மாட்டேங்குது" என்பதில் இரண்டு கதைகள் இருக்கின்றன. செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதது இன்னொன்று. முதலாவதில் பேட்டரியை மாற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் போதும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 10 வோல்ட் அளவில் நின்றால் பரவாயில்லை. 9-க்குக் கீழே போனால் இரட்டை நஷ்டம். 3 ஓம் காயிலில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். 9 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். காயிலில் சேரும் ஆற்றல் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, 16-க்கு 9. அதாவது பொறியின் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். இன்ஜின் குளிர்ந்து, பெட்ரோல் சரியாக ஆவியாகாமல், நல்ல பொறி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பாதிப் பொறி கிடைக்கிறது.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் இடையே ஒரு எர்த் பட்டைதான் பாலம். அது துருப்பிடித்து நூறில் ஒரு ஓம் எதிர்ப்பு வந்தாலே, செல்ஃப் இழுக்கும் 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். சோக் கேபிள் காரணமே இல்லாமல் சூடாகிறதா? எர்த் பட்டை போய்விட்டதால் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் கதை மாறாது.

சூட்டில் எடுக்காத வண்டி

காலையில் ஒரே கிக்கில் எடுக்கும்; 20 கிலோமீட்டர் ஓட்டி டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது; அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். நம் ஊர் வெயிலில் மிகப் பரவலான புகார் இது. மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒன்று, நிறுத்தியதும் இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, அதிலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிவது. பெட்ரோலின் மெல்லிய பகுதிகள் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக் நனைந்திருக்கும். சோக் இழுக்காமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் எடுக்கும். திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் மூழ்கும்.

இரண்டு, இதற்கு நேர் எதிர். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டு கார்புரேட்டருக்கு வராமல் போவது. பிளக் காய்ந்திருக்கும். பழைய டாக்சி டிரைவர்கள் பம்பில் ஈரத்துணி சுற்றுவது இதற்குத்தான். அதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாவது வெறும் இயற்பியல்.

மூன்று, பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லை. சூட்டில் மட்டும் காயிலோ கண்டன்சரோ கைவிடுவது. மூன்றையும் பிரிக்க ஒரே வழி, கோளாறு இருக்கும்போதே, சூடாக இருக்கும்போதே, பிளக்கையும் பொறியையும் பார்ப்பது. ஆறின பிறகு ஒர்க்ஷாப்பில் காட்டினால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

ஒரு வண்டியின் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் அம்பாசடர் இந்தப் புகாரோடுதான் ஒர்க்ஷாப் போனது. முதலில் சூட்டில் எடுக்காதது மட்டும்தான் கோளாறு. ஒன்றரை மாதத்தில் பிளக், வயர் செட், காயில், பெட்ரோல் பம்ப், பாயிண்ட் எல்லாம் மாறின. கார்புரேட்டரும் ஓவராயில் ஆனது. இப்போது சூட்டில் எடுக்காததோடு, காலையிலும் புகை கக்கி மிஸ் அடித்தது. காயலான் கடைக்காரர் வந்து விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். "தம்பி, அவன் வந்து ஏத்துறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடுப்பா" என்றார்.

கழற்றிய பழைய பாகம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் வரிசையாகத்தான் போக வேண்டியிருந்தது. காலையில் அளந்தது: செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 10.4 வோல்ட், எர்த்தில் இழப்பு 0.2. கம்ப்ரஷன் நான்கும் 10 சதவீத வித்தியாசத்துக்குள். ஆக, "போன" இன்ஜின் போகவில்லை. மிஸ்ஸிங்குக்குத் தாளமில்லை, நான்கு பிளக்கிலும் ஒரே மாதிரி கரி. அப்படியானால் பொதுச்சொத்து.

கார்புரேட்டரைத் தொடவில்லை. வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தோம். எடுக்கவில்லை. காலையில் 6 மி.மீ. தாண்டிய பொறி இப்போது 2 மி.மீ.கூடத் தாண்டவில்லை. காயிலின் எதிர்ப்பு காலையில் 3.1 ஓம், இப்போது 3.5. செம்பு சூடானால் அந்த அளவுக்கு ஏறத்தான் செய்யும், அது கோளாறல்ல. கேப்பைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட்டில் வெல்டிங் மாதிரி பொறி. கண்டன்சரின் வயரைப் பிரித்துவிட்டு, வேறு வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கண்டன்சரை வெளியிலிருந்து இணைத்தோம். முதல் செல்ஃபில் இன்ஜின் எடுத்தது. அத்தனை பாகம் மாறியும், மலிவான அந்த ஒன்று மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது.

அதன் பிறகும் கரி போகவில்லை. அப்போதுதான் கார்புரேட்டரைத் திறந்தோம். ஓவராயிலில் ஃப்ளோட் மட்டம் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. தேவைக்கு மேல் பெட்ரோல். அதைக் கையேட்டு அளவுக்குக் கொண்டு வந்ததும் காலைப் புகையும் மிஸ்ஸிங்கும் நின்றன. அதாவது முதல் கோளாறு வண்டியுடையது. இரண்டாவது, முதலாவதைத் தேடாமல் பாகம் மாற்றியதில் பிறந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, "இன்ஜின் போச்சு" என்ற ஒரே தோற்றத்தைக் கொடுத்தன.

பெட்ரோலும் மாறிவிட்டது

இப்போதைய பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று பங்க்கில் பொதுவாகக் கிடைப்பதாகிவிட்டது. இந்தக் கார்புரேட்டரின் ஜெட் துளைகள் சுத்தப் பெட்ரோலுக்காகப் போடப்பட்டவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதே ஜெட் வழியாக அதே அளவு வந்தால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துபோகிறது. காலையில் சோக் அதிக நேரம் தேவைப்படுவது, மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது, பிளக் வெளுத்துப்போவது எல்லாம் இதனால் வரலாம்.

பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் உப்பும், விரியும், நாளடைவில் பொடியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கலாம். எப்போதாவது எடுக்கும் வண்டி எடுக்க மறுத்தால், கார்புரேட்டரைக் குற்றம் சொல்லும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் விடை அங்கேயே இருக்கிறது. ரப்பர் குழாய்களை மட்டும் சோதனைக்காகக் காத்திருக்காமல் மாற்றிவிடலாம். அது கோளாறு தேடும் வேலை அல்ல, தீ விபத்தைத் தவிர்க்கும் வேலை.

ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது

எல்லோரும் பாக்ஸ் ஸ்பானர் எடுத்து இறங்க வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்காரர் மட்டுமே சொல்லக்கூடிய சில விவரங்கள் உண்டு. கோளாறு குளிர்ந்தபோதா, சூட்டிலா, மழையிலா? ஐட்லிங்கிலா, ஏற்றத்திலா? தாளம் உண்டா? எடுக்காதபோது பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இது எப்போதிலிருந்து, அதற்கு முன் கடைசியாக என்ன வேலை நடந்தது? இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். எரிச்சல்படுகிறவரிடம் வண்டியை விட வேண்டுமா என்று யோசிக்கலாம்.

அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியும் கோளாறு போகாவிட்டால் பழையதையே திரும்பப் போட வேண்டும். கழற்றிய பழைய காயில், கண்டன்சர், ரோட்டார் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி டிக்கியில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நேற்றுவரை ஓடிய பழைய கண்டன்சர் ஓடும் என்று நிரூபித்துவிட்ட கண்டன்சர். டப்பாவிலிருந்து இப்போதுதான் பிரித்த புதியது இன்னும் எதையும் நிரூபிக்கவில்லை.